36 ஆண்டுகள் அசைக்க முடியாத மேயர்: அமெரிக்காவின் டியர்பார்னில் ஆர்வில் ஹப்பர்ட் செய்தது என்ன?

2020 ஜூன் முதல் வாரம். ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் பிடியில் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்கா முழுக்கப் போராட்டம். பல நகரங்களில் பழைய தலைவர்களின் சிலைகள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளப்பட்டுக் கொண்டிருந்தன. அந்த நேரத்தில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகர அருங்காட்சியக வளாகத்திலிருந்து ஒரு வெண்கலச் சிலை சத்தமில்லாமல் காணாமல் போனது. அதை யாரும் உடைக்கவில்லை. சிலைக்குரியவரின் குடும்பத்தாரே எடுத்து, அவருடைய சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

சிலைக்குரியவர் ஜனாதிபதியும் இல்லை, ராணுவத் தளபதியும் இல்லை. டெட்ராய்டை ஒட்டிய ஒரு புறநகரின் மேயர். பெயர் ஆர்வில் ஹப்பர்ட். 1942 முதல் 1978 வரை, 36 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர்.

குப்பை நேரத்துக்கு அள்ளப்பட்டது. பனி உடனுக்குடன் அகற்றப்பட்டது. மக்கள் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள். அப்படியிருக்க, அவர் சிலையை அந்த ஊரிலேயே வைக்க முடியாமல் போனது ஏன்?

யார் இந்த ஹப்பர்ட்?

1903இல் மிச்சிகன் மாநிலத்தின் யூனியன் சிட்டி அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையான மரீன் பிரிவில் பணிபுரிந்தார். பிறகு டெட்ராய்டில் சட்டம் படித்து, 1932இல் பட்டம் பெற்றார். அதற்குச் சற்று முன்பே டியர்பார்னில் குடியேறியிருந்தார்.

அரசியலில் ஆரம்பம் அவ்வளவு சுலபமாக இல்லை. 1930களில் மேயர் பதவி உட்படப் பல பதவிகளுக்குப் போட்டியிட்டார், வரிசையாகத் தோற்றார். விடாமல் நின்று 1941 நவம்பரில் மேயர் தேர்தலில் ஜெயித்தார். 1942 ஜனவரியில் பதவியேற்றார். அதற்குப் பிறகு மேயர் தேர்தலில் அவர் தோற்கவே இல்லை. மொத்தம் 15 பதவிக்காலம்.

டியர்பார்னில் உள்ளாட்சித் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. அதனால் வேட்பாளரின் பெயரும் முகமும்தான் முக்கியம். ஹப்பர்டின் உருவத்தை யாரும் எளிதில் மறக்க முடியாது: ஆள் மிகவும் பருமன், எடை 150 கிலோவுக்கும் மேல். பேச்சில் நையாண்டி, சண்டைக்கு அஞ்சாத குணம். எதிரிகள் அவரை 'டியர்பார்னின் சர்வாதிகாரி' என்றார்கள். பத்திரிகைகளிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் மேயருக்கு அவ்வளவு அதிகாரமா?

இந்தியாவில் பெரும்பாலான மாநகராட்சிகளில் மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் முறை மாறும். பல சிற்றூர்களில் அங்கேயும் மேயர் பதவி அலங்காரப் பதவிதான். ஆனால் டியர்பார்ன் போன்ற நகரங்களில் மேயரே நிர்வாகத் தலைவர். துறைத் தலைவர்களும் காவல்துறையும் அவருக்குக் கீழ். கட்டட அனுமதி, வீட்டு ஆய்வு, பூங்கா, குப்பை வண்டி எல்லாமே அவர் அலுவலகத்தின் கீழ் வரும்.

இதில் எதுவும் பெரிய அதிகாரமாகத் தெரியாது. ஆனால் ஒரு ஊரில் யார் குடியிருக்கலாம் என்பதை முடிவு செய்ய இந்தச் சின்னச் சின்ன அதிகாரங்களே போதும். ஹப்பர்டின் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

ஃபோர்டின் ஊர், ஃபோர்டின் வரி

டியர்பார்ன் என்றாலே ஃபோர்டு. ஹென்றி ஃபோர்டு பிறந்தது அந்தப் பகுதியில்தான். ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான். ரூஜ் ஆற்றங்கரையில் உள்ள பிரம்மாண்டமான ரூஜ் தொழிற்சாலையில் உச்சக் கட்டத்தில் ஒரு லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இரும்புத் தாது ஒரு பக்கம் உள்ளே போகும், கார் மறுபக்கம் வெளியே வரும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆலை.

அமெரிக்காவில் உள்ளூர் நிர்வாகத்துக்கு முக்கிய வருமானம் சொத்து வரி. இவ்வளவு பெரிய ஆலை ஊர் எல்லைக்குள் இருந்தால், நகர கஜானாவுக்கு அதுவே அட்சய பாத்திரம். வரியில் பெரும்பங்கை ஃபோர்டு கட்டியது. அந்தப் பணத்தை மக்கள் கண்ணில் படும்படி செலவழிக்கும் வித்தை ஹப்பர்டுக்குத் தெரிந்திருந்தது.

குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வரும். பனி கொட்டினால் சாலை சீக்கிரம் சுத்தமாகும். டெட்ராய்டில் நாள் கணக்கில் பனி கிடக்கும்போது டியர்பார்ன்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

1948இல் மில்ஃபோர்டு அருகே நகர மக்களுக்காக 'கேம்ப் டியர்பார்ன்' திறக்கப்பட்டது. ஏரி, நீச்சல், கூடாரம் போட்டுத் தங்கும் இடம் என்று வளர்ந்து 600 ஏக்கரைத் தாண்டிய பொழுதுபோக்குப் பூங்கா. 1967இல் இன்னும் ஒரு படி மேலே போனார். குளிர் தாங்காத முதியவர்களுக்காக, பல நூறு மைல் தள்ளி ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தையே நகரம் வாங்கியது. பெயர் 'டியர்பார்ன் டவர்ஸ்'. ஒரு புறநகர் நகராட்சி வேறு மாநிலத்தில் தன் மக்களுக்காக வீடு வாங்கி வைப்பது அமெரிக்காவிலேயே அபூர்வம்.

வரியும் கட்டுக்குள், வசதியும் கைக்குள். ஓட்டு விழாமல் இருக்குமா?

'டியர்பார்னைச் சுத்தமாக வைப்போம்'

நகரத்தின் கார்களில் ஒரு வாசகம் எழுதப்பட்டிருந்தது: 'டியர்பார்னைச் சுத்தமாக வைப்போம்.' பார்த்தால் குப்பை பற்றிய வாசகம். ஊரில் எல்லோரும் அதை வேறு மாதிரிதான் வாசித்தார்கள்: டியர்பார்னை வெள்ளையாக வைப்போம்.

ஹப்பர்டும் இதை மறைக்கவில்லை. இன ரீதியாகப் பிரிந்து வாழ்வதே சரி என்று வெளிப்படையாகப் பேசினார். 1956இல், அலபாமாவின் மான்ட்கொமரி நகரில் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 'எங்களைக் குறை சொல்லும் வட மாநிலங்கள் மட்டும் யோக்கியமா?' என்று காட்ட நினைத்த அந்த ஊர்ப் பத்திரிகை, ஹப்பர்டைத் தேடிப் பேட்டி கண்டது. கறுப்பினத்தவர் யாராவது குடிவருவதாகக் கேள்விப்பட்டால், தீ விபத்துக்குப் போவதைவிட வேகமாகப் போய் நிற்போம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அடிமை முறையின் வரலாறு கொண்ட தென் மாநிலப் பத்திரிகைக்கு, வடக்கே இருந்து கிடைத்த சாட்சி அது.

1970 கணக்கெடுப்பில் டியர்பார்னின் மக்கள்தொகை ஒரு லட்சத்து நான்காயிரம். அதில் கறுப்பினத்தவர் நூறு பேர்கூட இல்லை. அதே ஊரில் உள்ள ரூஜ் ஆலையிலோ ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள். காலையில் டெட்ராய்டிலிருந்தும் இங்க்ஸ்டரிலிருந்தும் வருவார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அவர்கள் உழைப்பில் ஓடிய ஆலையின் வரி டியர்பார்னின் பூங்காவுக்கும் நீச்சல் குளத்துக்கும் போனது. அவர்கள் பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை.

சட்டம் எதுவும் இல்லாமல் எப்படி நடந்தது?

'கறுப்பினத்தவர் இங்கே வசிக்கக் கூடாது' என்று டியர்பார்ன் நகராட்சி சட்டம் போடவில்லை. போட்டிருந்தாலும் செல்லாது. நகராட்சிகள் அப்படிச் சட்டம் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917லேயே சொல்லிவிட்டது. அப்புறம் எப்படி?

முதலாவது, பத்திரம். புறநகர் மனைகளை விற்றவர்கள் பத்திரத்திலேயே 'வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது' என்று நிபந்தனை எழுதினார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் விஷயத்திலும் இதே கதை. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசின் அமைப்பும் நீண்டகாலம் வெள்ளையர் பகுதிகளுக்கே முன்னுரிமை கொடுத்தது. இவை இரண்டும் ஹப்பர்ட் கண்டுபிடித்தவை அல்ல. நாடு முழுக்க இருந்தவை.

இரண்டாவது, வாடகை வீட்டைத் தடுப்பது. இது அவர் நேரடியாக இறங்கிய வேலை. இரண்டாம் உலகப் போரின்போது ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட மத்திய அரசு முனைந்தபோது, கறுப்பினத்தவருக்கான குடியிருப்பு டியர்பார்னுக்குள் வரக் கூடாது என்று எதிர்த்தார். 1948இல் ஜான் ஹான்காக் என்ற காப்பீட்டு நிறுவனம் ஃபோர்டு நிலத்தில் வாடகைக் குடியிருப்பு கட்ட முன்வந்தது. அது நடுத்தர வர்க்க வெள்ளையருக்கான திட்டம்தான். ஆனாலும் 'வாடகை வீடு வந்தால் கறுப்பர்கள் வருவார்கள்' என்று பிரசாரம் கிளம்பியது. அந்த நவம்பரில் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் மக்கள் திட்டத்தை நிராகரித்தார்கள். கறுப்பினத்தவரை உள்ளே விடாதீர்கள் என்று துண்டுப் பிரசுரங்கள் அப்போது வெளிப்படையாகவே விநியோகிக்கப்பட்டன.

மூன்றாவது, கண்டும் காணாமல் இருப்பது. இதற்கு உதாரணம் 1963.

கெண்டல் தெருவில் அன்று நடந்தது

1963 செப்டம்பர் முதல் வாரம், தொழிலாளர் தின விடுமுறை. கெண்டல் தெருவில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்த ஒருவரின் சாமான்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் வெள்ளையர். இறக்க உதவிய ஆள் கறுப்பினத்தவர். அவ்வளவுதான். 'வீடு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்கப்பட்டுவிட்டது' என்று புரளி பரவியது.

நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். கல்லும் முட்டையும் பறந்தன, ஜன்னல்கள் உடைந்தன. போலீஸ் வந்தது, நின்றது, கூட்டத்தைக் கலைக்கவில்லை.

1965இல் ஹப்பர்ட் மீதும் காவல் அதிகாரிகள் மீதும் மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. வீட்டுக்காரரின் சிவில் உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. போலீஸைச் செயல்பட விடாமல் வைத்திருந்ததே மேயர்தான் என்றது அரசுத் தரப்பு. ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஹப்பர்ட் முன்பைவிட வலுவாக வெளியே வந்தார்.

1967 ஜூலையில் டெட்ராய்ட் பற்றி எரிந்தது. 43 பேர் இறந்தார்கள். டியர்பார்ன் எல்லைக்குள் கொள்ளையடிப்பவரைக் கண்டதும் சுடுங்கள் என்று ஹப்பர்ட் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஹப்பர்ட் தேர்தல்களில் ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

ஒரே சட்டகத்துக்குள் அடங்காத ஆள்

இவ்வளவையும் பார்த்துவிட்டு அவரைப் பழமைவாதி என்று மட்டும் முத்திரை குத்தினால் ஒரு சிக்கல் இருக்கிறது. வியட்நாம் போருக்கு எதிராக மிக முன்னதாகவே குரல் கொடுத்த அமெரிக்க மேயர்களில் ஹப்பர்டும் ஒருவர். 1966 நவம்பரிலேயே, போரிலிருந்து விலகலாமா என்று நகர மக்களிடம் கருத்தறியும் வாக்கெடுப்பு நடத்தினார். அப்போது விலகல் தோற்றது. 1968இல் மீண்டும் நடத்தியபோது பெரும்பான்மையினர் விலகலை ஆதரித்தார்கள்.

முதியோருக்கு வீடு, ஏழை எளியவருக்கும் இலவசப் பொழுதுபோக்கு, போர் எதிர்ப்பு என்று பார்த்தால் முற்போக்கு முகம். நல்லாட்சி செய்தவர் என்று இன்றும் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நல்லாட்சி யாருக்கு என்பதுதான் கேள்வி. எல்லைக் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு வசதிகள் பெருகப் பெருக, அந்தக் கோட்டைக் காக்க வேண்டும் என்ற வேகமும் அவர்களுக்குக் கூடியது. குப்பை வண்டியும் இனவெறியும் வெவ்வேறு கணக்குகள் அல்ல. இரண்டையும் அவர் ஒரே தேர்தலில் விற்றார்.

அரபு மக்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

டியர்பார்ன் இன்று அமெரிக்காவின் அரபு மக்கள் மையமாக அறியப்படுகிறது. அதன் தொடக்கமும் ரூஜ் ஆலைதான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே லெபனானிலிருந்தும் பின்னர் ஏமன், பாலத்தீனம், இராக் ஆகிய இடங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். ஆலைப் புகை படியும் 'சவுத்எண்ட்' பகுதியில் குடியேறினார்கள். 1930களிலேயே அங்கே மசூதியும் வந்தது. அமெரிக்க அரசின் கணக்கில் அரபு மக்கள் 'வெள்ளையர்' என்றே பதிவானார்கள். கறுப்பினத்தவருக்கு இல்லாத ஒரு சந்து அவர்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் அவர்களையும் நகராட்சி நிம்மதியாக விடவில்லை. சவுத்எண்டை ஆலைப் பகுதியாக மாற்ற ஹப்பர்ட் நிர்வாகம் திட்டமிட்டது. வீடுகளைப் பழுதுபார்க்க அனுமதி தர மறுத்தார்கள். விற்க நினைத்தவர்களை நகராட்சிக்கே விற்கும்படி நெருக்கினார்கள். வாங்கிய வீடுகளை இடித்தார்கள். 1971இல் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973இல் மத்திய மாவட்ட நீதிமன்றம் நகராட்சியின் போக்கு சட்டவிரோதம் என்றது. மேல்முறையீடுகளில் வழக்கு பல ஆண்டுகள் இழுத்தாலும், சவுத்எண்ட் பிழைத்தது. 1971இல் அங்கே தொடங்கப்பட்ட 'ஆக்சஸ்' என்ற சமூக சேவை அமைப்பு இன்று நாடறிந்த நிறுவனம்.

மேயர் போன பிறகு மாறியதா?

1974 நவம்பரில் ஹப்பர்டுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடமாட்டமும் பாதிக்கப்பட்டன. பதவிக்காலம் முடியும்வரை மேயராகவே நீடித்தார். 1978 ஜனவரியில் விலகினார். 1982 டிசம்பரில் காலமானார்.

அவர் உருவாக்கிய பழக்கம் அவரோடு போகவில்லை. 1985 நவம்பரில், ஊர்ப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றை வெளியூர்க்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை டியர்பார்ன் வாக்காளர்கள் ஏற்றார்கள். 'வெளியூர்க்காரர்' என்றால் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் டியர்பார்ன் கடைகளைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தன. நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

அதே தேர்தலில் மேயரானவர் மைக்கேல் கைடோ. அவருடைய பிரசாரத் துண்டறிக்கை ஒன்று, ஊரின் 'அரபுப் பிரச்னை' பற்றிப் பேசுவோம் என்று வாக்காளர்களை அழைத்தது. அவரும் 2006இல் இறக்கும்வரை மேயராக இருந்தார். அந்த இருபது ஆண்டுகளில் அரபு வாக்காளர்களைத் தவிர்த்துவிட்டு அந்த ஊரில் யாரும் அரசியல் செய்ய முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

சிலை எதிரே ஓர் அருங்காட்சியகம்

1989இல் நகர மண்டபத்தின் முன் ஹப்பர்டுக்குச் சிலை வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பலகை நேரம் தவறாத குப்பை சேவை, பனி அகற்றல், ஃப்ளோரிடா குடியிருப்பு, கேம்ப் டியர்பார்ன் ஆகியவற்றைப் புகழ்ந்தது. இனப் பாகுபாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2005இல் அதே சாலையில், நகர மண்டபத்துக்கு எதிரே அரபு அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் இரண்டும் நேருக்கு நேர் நின்றன. மண்டபக் கட்டடம் விற்கப்பட்ட பிறகு 2015இல் சிலை அகற்றப்பட்டது. பின்னர் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அங்கிருந்துதான் 2020இல் யூனியன் சிட்டிக்குப் போனது.

2021 நவம்பரில், லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான அப்துல்லா ஹமூத் டியர்பார்னின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு 31 வயது. அந்தப் பதவிக்கு வந்த முதல் அரபு அமெரிக்கர், முதல் முஸ்லிம் அவர்தான். 2020 கணக்கெடுப்பின்படி நகர மக்களில் பாதிக்கும் மேல் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பூர்வீகம் கொண்டவர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா? முழுக்க இல்லை. 2010 கணக்கெடுப்பில் டியர்பார்னில் கறுப்பினத்தவர் சுமார் 4 சதவீதம். சாலையைத் தாண்டினால் டெட்ராய்ட். அங்கே 80 சதவீதத்துக்கும் மேல். மேயர் போய்விட்டார், சிலை போய்விட்டது. ஹப்பர்ட் காவல் காத்த எல்லைக் கோடு மட்டும் மக்கள்தொகை வரைபடத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு ஊரில் நல்ல சாலையும் சுத்தமான தெருவும் இருந்தால் மேயரைப் பாராட்டுவது இயல்பு. டியர்பார்ன் கதை அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது: அந்தத் தெருவில் வீடு கேட்டு வருகிறவர்களில் யாருக்கு 'இல்லை' என்று பதில் கிடைக்கிறது?